ஸ்லெட்டில் சமன் செய்த ரெசின் மேசையில் நடுப்பள்ளம்: குற்றம் பிட்டிலா, தண்டவாளத்திலா?

மேசைக்காரன் · 03.03.2025, இரவு 9.40

தூங்குமூஞ்சி மரப் பலகை இரண்டு, நடுவில் ஆறு ஓடுவது போல ஊற்றிய ரெசின். நீளம் 1800, அகலம் 850, கனம் 45 மி.மீ. ரவுட்டர் (பிட்டைச் சுழற்றி மரத்தைச் சீவும் கருவி) 1600 வாட், 12 மி.மீ. கோலெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் வாய்). பிட் 22 மி.மீ. நேர் பிட். ஸ்லெட், அதாவது ரவுட்டரைத் தாங்கிப் பலகையின் இருபுறத் தண்டவாளங்களின் மேல் ஓடும் தட்டு, 18 மி.மீ. பிளைவுட், அகலம் 300. ரவுட்டர் விலகாமல் இருக்க இரண்டு பக்கமும் 12 மி.மீ. ரீப்பர் ஆணியடித்தது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி.

முடித்தபின் நேர்கோலை அகலவாக்கில் வைத்தால் நடுவில் 1.5 மி.மீ. வெளிச்சம் தெரிகிறது. மேற்பரப்பு முழுக்க வரி வரியாக இருக்கிறது. ரெசின் மங்கி வெளுத்திருக்கிறது. 62 மி.மீ. பிட் வாங்கினால் மூன்றும் தீரும் என்கிறார் கடைக்காரர். சரிதானா?

நூல்மட்டம் · 03.03.2025, இரவு 10.25

இல்லை. மூன்றும் மூன்று நோய். பள்ளம் ஸ்லெட் தொய்வதால் வருகிறது. வரி ரவுட்டர் சாய்ந்து நிற்பதால். வெளுப்பு சூட்டினால், இல்லை மழுங்கிய பிட்டினால். பெரிய பிட் வாங்கினால் மூன்றாவது கொஞ்சம் குறையும், இரண்டாவது வேறு உருவம் எடுக்கும், முதலாவது இம்மியும் நகராது.

பள்ளத்தின் கணக்கு இது. ரவுட்டர் எடை சுமார் 6 கிலோ. ஒரு மீட்டர் இடைவெளியில் 300 அகலம், 18 கனம் உள்ள பிளைவுட்டைக் கிடையாக வைத்து, அதன் விறைப்பை 8 ஜிகாபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டால், ரவுட்டர் நடுவில் நிற்கும்போது தொய்வு ஒரு மில்லிமீட்டருக்கு மேல். கைகள் கீழ்நோக்கி 5 கிலோ அழுத்தினாலே அது 2 மி.மீ. பக்கம் போய்விடும். ஓரத்தில் ரவுட்டர் நிற்கும்போது தொய்வு கிட்டத்தட்டச் சுழி. ஆக நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் சீவுகிறது. உங்கள் 1.5 சரியாக இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் விழுகிறது.

அதே பிளைவுட்டில் 75 மி.மீ. உயரத்துக்கு இரண்டு பட்டை கிழித்து, ஸ்லெட்டின் இரண்டு நீளவாக்கு ஓரத்திலும் செங்குத்தாகப் பசை போட்டு ஸ்க்ரூ அடியுங்கள். அந்த இரண்டு பட்டை மட்டுமே தொய்வை 0.12 மி.மீ.க்கு இறக்கிவிடும். பிட் விலையில் பத்தில் ஒரு பங்கு செலவுகூட ஆகாது.

இழைப்புளி_72 · 04.03.2025, காலை 6.10

அரை நூல் (ஒன்றரை மி.மீ.) பள்ளம். இதுக்கு இவ்வளவு கணக்கா? ஜாயிண்டர் இழைப்புளி எடுத்து ரெண்டு ஓரத்தையும் சீவி விடு தம்பி, காபி ஆறுறதுக்குள்ள முடியும்.

ரெசின்வாடை · 04.03.2025, காலை 8.02

அண்ணே, மரம் மட்டும்னா நீங்க சொல்றது சரி. நடுவுல ரெசின் இருக்கு. இழைப்புளி ரெசின் மேல ஏறினா ஒண்ணு வழுக்கும், இல்ல ஓரத்துல சில்லு பேர்க்கும். இரும்புக் கத்தியோட முனையும் சீக்கிரம் போயிடும். இவர் கேஸ்ல ஓரம் ரெண்டும் மரம்தான், அதனால ஓரத்தை மட்டும் இழைக்கலாம். ஆனா ரெசின் எல்லைகிட்ட வர்றப்ப நிறுத்தணும், அங்க திட்டு விழும். திரும்ப ஸ்லெட்டுதான்.

இழைப்புளி_72 · 04.03.2025, காலை 8.15

ரெசின் இல்லாம மேசை செஞ்ச காலத்துல இந்தப் பிரச்சினை ஒண்ணும் இல்ல. சரி, மேல சொல்லுங்க.

வைரம்பாய்ந்தது · 04.03.2025, பகல் 1.30

தொய்வு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஓர் அளவு எடுக்க வேண்டும். நேர்கோலை எப்போது வைத்தீர்கள்? பலகை இன்னும் படுக்கையில் (பலகையைக் கிடத்திய அடித்தளத்தில்) ஆப்பு வைத்து ஒட்டியபடி இருந்தபோதா, கழற்றித் திருப்பிய பிறகா?

படுக்கையில் இருக்கும்போதே பள்ளம் இருந்தால் கருவியின் குறை. படுக்கையில் தட்டையாக இருந்து கழற்றியதும் வளைந்தால், பலகையை வளைத்துப் பிடித்துக்கொண்டு சீவியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து வளைந்தால் ஈரம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

மேசைக்காரன் · 04.03.2025, இரவு 8.50

இன்னும் கழற்றவில்லை. படுக்கையிலேயே அகலவாக்கில் 1.4. நீளவாக்கில் 0.3. மூலைக்கு மூலை நூல் கட்டவில்லை.

நூல்மட்டம் · 04.03.2025, இரவு 9.30

அகலவாக்கில் 1.4, படுக்கையிலேயே. ஸ்லெட் தொய்வுதான், சந்தேகமில்லை. நீளவாக்கில் 0.3 என்பது தண்டவாளம் நடுவில் இறங்குவது. அதற்கடியில் 500 மி.மீ.க்கு ஒரு முட்டு கொடுங்கள்.

மூலைக்கு மூலை நூலை விட்டுவிடாதீர்கள். தண்டவாளங்கள் தனித்தனியே நேராக இருந்தும், ஒன்றுக்கொன்று முறுக்கி நின்றால் மேசையும் அதே முறுக்கோடு வெளிவரும். நேர்கோல் அதைக் காட்டாது, நான்கு கால் மாட்டிய பிறகு ஆடும்போதுதான் தெரியும். நான்கு முனையிலிருந்தும் குறுக்காக இரண்டு மெல்லிய நைலான் நூல். நடுவில் இரண்டும் உரசாமல் தொட்டால் நான்கு மூலையும் ஒரே தளத்தில் இருக்கின்றன. அப்புறம் மேல் நூலைக் கீழே, கீழ் நூலை மேலே மாற்றிக் கட்டி மறுபடி பாருங்கள். ஒரு வாட்டி பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும், ஏனென்றால் மேல் நூல் கீழ் நூலை அழுத்திக்கொண்டிருந்தாலும் தொடுவது போலவே இருக்கும்.

தண்டவாளம் நேரா என்று பார்க்க ஒரே மாதிரியான மூன்று நாணயம் போதும். இரு முனையிலும் ஒவ்வொரு நாணயம் வைத்து அதன்மேல் நூலை இழுத்துக் கட்டி, மூன்றாவது நாணயத்தை நூலுக்கடியில் முழு நீளமும் தள்ளிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே மேடு, எங்கே இடைவெளியோ அங்கே பள்ளம். கடையில் வாங்கும் இரும்பு ஸ்கொயர் டியூப் நேராக இருக்கும் என்று நம்பவே கூடாது. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து நல்ல பக்கத்தை மேலே வையுங்கள்.

சில்லுத்தூள் · 04.03.2025, இரவு 9.44

ரசமட்டம் வைத்துப் பார்த்தால் போதாதா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். முன்கூட்டியே: போதாது. ரசமட்டக் குமிழி ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் விலகலைக்கூடப் பெரும்பாலும் காட்டாது. தவிர மேசை பூமிக்கு மட்டமாக இருக்க வேண்டியதில்லை, தனக்குத்தானே தட்டையாக இருந்தால் போதும். சாய்வான தரையில்கூட அருமையாகச் சமன் செய்யலாம்.

கம்பிவேலி · 05.03.2025, காலை 10.20

பிளைவுட்டே வேண்டாம். 50×50×5 அலுமினிய எல் ஆங்கிள் இரண்டு எதிரெதிரே வைத்து, இரு முனையையும் தகட்டால் இணைத்தால் ஸ்லெட் முடிந்தது. நூல்மட்டம் அண்ணன் கணக்குப்படி பார்த்தால் ஒரு மீட்டருக்குத் தொய்வு 0.08 மி.மீ.

நூல்மட்டம் · 05.03.2025, பகல் 12.05

எண் சரி, ஆனால் எல் ஆங்கிளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரவுட்டர் படுக்கைத் தட்டில் நின்றால் ஆங்கிள் வளைவதோடு முறுக்கவும் செய்யும். உள்பக்க விளிம்பு கீழே சாயும். இந்தக் கணக்கில் முறுக்கு வரவே இல்லை. முனைகளில் மட்டும் இணைத்தால் நடுவில் அது நன்றாகத் தெரியும். மூடிய குழாய் முறுக்காது. 40×40×2 இரும்பு ஸ்கொயர் டியூப் இரண்டு போட்டால் 0.05க்குக் கீழே. எடை மீட்டருக்கு ஒன்று சுமார் 2.4 கிலோ, தள்ளக் கொஞ்சம் கனம். அது நல்லதுதான், ஸ்லெட் எகிறாது. தொடுமிடத்தில் மைக்கா ஒட்டி மெழுகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

ரவுட்டர் அடித்தட்டுக்கும் பக்கச் சுவருக்கும் இடைவெளி மொத்தம் அரை மில்லிமீட்டர் வைத்தால் போதும். 2 மி.மீ. விட்டால் ரவுட்டர் பக்கவாட்டில் ஆடி வரி நெளியும்.

ரெசின்வாடை · 05.03.2025, மாலை 6.40

வெளுப்பு பத்தி யாரும் பேசலையே.

அறை வெப்பத்துல இறுகுற ரெசின் பலதும் 50 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிக்கும். பிட் ஒரே இடத்துல தேய்ச்சா அந்தச் சூடு கண நேரத்துல வந்துடும். இளகின ரெசின் வெட்டுப்படாது, இழுபடும். பிட் முனைல பிசுக்கா ஒட்டும். ஒட்டின பிசுக்கு இன்னும் சூடாக்கும். கடைசில மேற்பரப்பு மங்கிப் போகும்.

இதைத் தவிர்க்க மெதுவா தள்ளக் கூடாது. எல்லாரும் பயந்து மெதுவா தள்றாங்க, அதான் தப்பு. ரெண்டு வெட்டு முனை உள்ள பிட், 22,000 ஆர்.பி.எம்., நிமிஷத்துக்கு ஒரு மீட்டர் தள்ளினா ஒவ்வொரு முனையும் 0.02 மி.மீ. தான் எடுக்குது. அது வெட்டு இல்ல, தேய்ப்பு. 18,000க்கு இறக்கி நிமிஷத்துக்கு 3 மீட்டர் தள்ளினா 0.08 வரும். சீவல் சீவலா தெறிக்கும், சூடு சீவலோட போயிடும்.

வெளிய வர்றதைப் பாருங்க. மொறமொறன்னு சுருள் வந்தா நல்லது. மாவு மாதிரி தூள் வந்தா பிட் மழுங்கிடுச்சு, இல்ல தள்றது மெதுவு. கயிறு கயிறா ஒட்டிக்கிட்டு வந்தா ரெசின் இன்னும் இறுகல, அன்னைக்கு வேலையை மூடிட்டுப் போயிடுங்க. ஆழமா ஊத்துற ரெசினுக்கு மூணு நாள்ல கை ஒட்டாது, ஆனா ரவுட்டருக்கு ஒரு வாரம் விடுறது பாதுகாப்பு. நகத்தால ஓரத்துல அழுத்தித் தடம் விழுந்தா இன்னும் பொறுக்கணும்.

மேசைக்காரன் · 05.03.2025, இரவு 9.15

மாவுதான் வந்தது. வேகச் சக்கரம் 6இல் இருந்தது. ஆக 62 பிட் வேண்டாமா?

நூல்மட்டம் · 05.03.2025, இரவு 10.10

வேண்டாம் என்று சொல்லவில்லை, எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள்.

ரவுட்டர் 50 மி.மீ.க்கு 0.1 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 15 மி.மீ. நகர்த்தினால் பக்கத்துப் பக்கத்து ஓட்டங்களுக்கு நடுவே 0.03 மி.மீ. படி விழும். 62 பிட்டில் 40 மி.மீ. நகர்த்தினால் 0.08. 1800 நீளத்தில் 120 சின்ன வரிக்குப் பதில் 45 பெரிய வரி. பெரிய பிட் வரியைக் குறைக்கும், ஆனால் உயர்த்தும். சாய்வைச் சரிசெய்யாமல் பெரிய பிட் போட்டால் உப்புத்தாள் வேலை கூடத்தான் செய்யும்.

சாய்வு பார்க்கும் வழி: மின்சாரப் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிட்டுக்குப் பதில் கோலெட்டில் 6 அல்லது 8 மி.மீ. கம்பியை வளைத்து மாட்டுங்கள், முனை 100 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கீழே ஒரு கண்ணாடித் துண்டு. கையால் சுழற்றி, நான்கு திசையிலும் முனைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரே காகிதம் ஒரே இறுக்கத்தில் நுழைகிறதா பாருங்கள். சாதாரண ஏ4 தாள் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. எந்தப் பக்கம் தூக்கலாக இருக்கிறதோ அதற்கு ஏற்ப அடித்தட்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவே தாள் அல்லது அலுமினிய ஃபாயில் கொடுத்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். கண்ணாடி தரையில் இல்லாமல் ஸ்லெட் தண்டவாளத்தின் மேலேயே குறுக்காக இருந்தால்தான் அளவு செல்லும். ரவுட்டர் எதன்மேல் ஓடுகிறதோ அதற்குத்தான் அது செங்குத்தாக இருக்க வேண்டும்.

நூல்மட்டம் · 05.03.2025, இரவு 10.32

விட்டுப்போனது. 62 பிட்டைச் சக்கரம் 6இல் சுழற்றாதீர்கள். 22,000 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்கு 71 மீட்டர் ஓடும். 12,000இல் 39 மீட்டர், அதுவே தாராளம். வேகக் கட்டுப்பாடு இல்லாத ரவுட்டரில் அந்தப் பிட்டை மாட்டவே கூடாது.

சில்லுத்தூள் · 06.03.2025, காலை 7.30

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் பெரிய பிட்டுகளில் பாதிக்கு அடித்தண்டு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இவர் கோலெட் 12. நுழையாது. நுழையாததில் ஆபத்தில்லை. 12 தண்டை 12.7 கோலெட்டில் மாட்டி "இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்" என்பவர்களிடமிருந்துதான் விலகி நிற்க வேண்டும். தண்டு குறைந்தது 20 மி.மீ. உள்ளே போகட்டும், அடியைத் தொட்டபின் 2 மி.மீ. மேலே தூக்கி இறுக்கவும். கார்பைட் வில்லை மாற்றும் பிட் என்றால் ஒவ்வொரு முறையும் வில்லை ஸ்க்ரூவைச் சாவி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச்.

லுங்கி கட்டிக்கொண்டு ரவுட்டர் பிடிப்பதும், கையுறை மாட்டிக்கொண்டு பிடிப்பதும் ஒரே ரகம். இரண்டும் வேண்டாம். கண்ணாடி, காது அடைப்பு, எஃப்.எஃப்.பி.2 முகமூடி, இந்த மூன்றும் வேண்டும். முழுக்க இறுகாத ரெசின் தூள் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை உண்டாக்கும். வந்துவிட்டால் அப்புறம் ரெசின் பக்கமே போக முடியாது.

வைரம்பாய்ந்தது · 06.03.2025, மாலை 5.00

பலகையைப் பிடிக்கும் விதம் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை சீவும்போது இவர் இதில்தான் இடறுவார்.

குழிந்த பக்கம் கீழே, முதுகு மேலே. அப்போதுதான் பலகை இரண்டு விளிம்பில் ஆடாமல் உட்காரும். ஆடும் மூலைக்கு அடியில் ஆப்பு. ஆனால் ஆப்பைத் தட்டித் தூக்கக் கூடாது, இடைவெளியை நிரப்பும் அளவுக்கு விரலால் தள்ளினால் போதும். நடுவிலும் 300 மி.மீ.க்கு ஓர் ஆப்பு. பிட் வெட்டும் அழுத்தத்தில் நடுப்பகுதி அமுங்கினால் அங்கே குறைவாகச் சீவும், எடுத்தபின் மேடாகும். அதாவது ஸ்லெட் தொய்வுக்கு நேர் எதிர்க் குறை. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதும் உண்டு, அப்போது எதையும் நம்பி அளக்க முடியாது. ஆப்புகளைச் சூட்டுப் பசையால் படுக்கையோடும் பலகையோடும் ஒட்டிவிடுங்கள். வெட்டும் மண்டலத்துக்குள் ஒரு ஸ்க்ரூகூட இருக்கக் கூடாது.

மேல்பக்கம் முழுக்கத் தட்டையாகும் வரை சீவிவிட்டுத் திருப்பாதீர்கள். அங்கே 2, இங்கே 2 என்று இரண்டு முகத்திலும் மாற்றி மாற்றி எடுங்கள். உள்ளே அடைபட்ட இறுக்கம் ஒரு பக்கமாக அவிழ்ந்தால் பலகை திரும்பவும் வளையும். 45 கனத்தில் 1.5 எடுக்க வேண்டுமென்றால் முடிவில் 42 அல்லது 43 நிற்கும் என்று கால் வாங்கும்போதே கணக்கில் வையுங்கள்.

இழைப்புளி_72 · 06.03.2025, மாலை 5.40

இதுதான்யா பேச்சு. முதுகு மேல, வயிறு கீழ.

கம்பிவேலி · 07.03.2025, காலை 9.00

தள்ளும் திசை? இழுக்கும்போதும் வெட்டலாமா, தள்ளும்போது மட்டுமா?

நூல்மட்டம் · 07.03.2025, காலை 11.20

மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரத் திசையில் சுழலும். நீங்கள் ரவுட்டரை உங்களைவிட்டு வெளியே தள்ளும்போது சீவாத பகுதி இடப்பக்கம் இருக்கட்டும். அப்போது மரம் பிட்டை எதிர்த்து நிற்கும், ரவுட்டர் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். அதே வரிசையில் இழுத்தால் பிட் தானே முன்னால் பாய்ந்து உங்களை நோக்கி வரும்.

1 மி.மீ.க்குள் எடுத்தால் இரண்டு திசையும் ஓடும், கை இறுக்கமாக இருந்தால். 2 மி.மீ. எடுத்தால் தள்ளும்போது மட்டும் வெட்டுங்கள். திரும்பும்போது அதே தடத்தில் வெறுமனே கொண்டுவாருங்கள். அந்தத் திரும்பு ஓட்டம் வீணல்ல, தள்ளும்போது விட்ட பிசிறை அது எடுத்துவிடும்.

முதல் கட்டம்: ஓட்டத்துக்கு 1.5 மி.மீ. ஆழம், பிட் விட்டத்தில் அறுபது சதவீதம் நகர்வு. கடைசி ஓட்டம்: 0.3 முதல் 0.5 ஆழம், முப்பது சதவீத நகர்வு, புது முனை. இந்தக் கடைசி ஓட்டத்தை ஒரே மூச்சில் முடியுங்கள். நடுவில் காபி குடிக்கப் போய் வந்தால் ரவுட்டர் ஆறி, அடித்தட்டு ஆறி, ஒரு படி விழுந்திருக்கும்.

நேரக் கணக்கு யாராவது கேட்பீர்கள். 1800×850, 22 பிட், 13 மி.மீ. நகர்வு என்றால் சுமார் 140 ஓட்டம், மொத்தம் 118 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் என்றால் ஓர் அடுக்குக்கு 40 நிமிடம், வெறும் திரும்பலையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி. 62 பிட்டில் இது மூன்றில் ஒரு பங்கு. பெரிய பிட்டின் நியாயம் இதுதான்: நேரம். தட்டை அல்ல.

ரெசின்வாடை · 07.03.2025, பகல் 2.15

ஓரச் சில்லு. ரெசின் ஆறு மேசையோட ரெண்டு முனைலயும் வந்து முடியுற இடத்துல பிட் வெளியேறும்போது கண்ணாடி உடைஞ்ச மாதிரி துண்டு பேர்ந்துடும். முதல்லயே முனையோரமா ஓட்டம் போட்டுடுங்க, நடுவுல இருந்து வெளிய போகாதீங்க. இல்லன்னா நீளத்துல ரெண்டு பக்கமும் 20 மி.மீ. அதிகமா ஊத்தி வெச்சு, சமன் செஞ்சப்புறம் அறுத்து எறியலாம். அச்சுப் பலகையோட பக்கச் சுவரைக் கழட்டாம விடுறதும் நல்லதுதான், ஆனா அதுல அடிச்ச ஸ்க்ரூ எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கணும்.

குமிழி: சீவினதும் உள்ள இருந்த குமிழி எல்லாம் வாய் திறக்கும். அதை உப்புத்தாள் போட்டப்புறம் அடைக்கிறவங்க இருக்காங்க, ரெட்டை வேலை. முரட்டு ஓட்டம் முடிஞ்சதும் நிறுத்தி, குழியை எல்லாம் அதே நிற ரெசினால அடைச்சு, இறுக விட்டு, அப்புறம் கடைசி 0.5 ஓட்டம் போட்டா அடைப்பும் சேர்ந்து மட்டமாயிடும்.

மேசைக்காரன் · 09.03.2025, இரவு 8.00

75 பட்டை ஒட்டி, சாய்வு பார்த்து, சக்கரம் 4இல் வைத்து ஓட்டியாயிற்று. அகலவாக்கில் 0.2. மூலை நூல் மாற்றிக் கட்டியும் தொடுகிறது. சுருள் வந்தது. வரி இன்னும் இருக்கிறது, நகத்தில் தட்டாது, விளக்கை ஓரமாக வைத்தால் தெரிகிறது.

நூல்மட்டம் · 09.03.2025, இரவு 8.20

அந்த வரி உப்புத்தாளுக்கான வேலை. இனி ரவுட்டரைத் தொடாதீர்கள்.

சில்லுத்தூள் · 10.03.2025, காலை 7.10

80 நம்பர் உப்புத்தாளில்தான் மொத்த நேரத்தில் பாதி போக வேண்டும். பென்சிலால் முழுக்கக் குறுக்குக் கோடு போடுங்கள். கோடு எல்லா இடத்திலும் மறையும் வரை 120க்குப் போகாதீர்கள். பிறகு 120, 150, 180, 220. நம்பர் தாண்டினால் 80இன் சுழிக் கீறல் ரெசினில் எண்ணெய் தடவிய பிறகு வந்து பல்லிளிக்கும்.

சாண்டரில் (உப்புத்தாள் இயந்திரத்தில்) மெத்தென்ற அடித்தட்டு வேண்டாம். தூங்குமூஞ்சி ரெசினைவிடச் சீக்கிரம் தேயும். மெத்துத் தட்டு மரத்தைக் குடைந்து ரெசினை மேடாக விட்டுவிடும். கடினத் தட்டு, தூசு உறிஞ்சி எப்போதும் ஓடட்டும், கையால் அழுத்தாதீர்கள். ரெசின் மேல் ஒரே இடத்தில் நின்றால் தாளில் பிசுக்கு உருண்டை ஒட்டி ஆழக் கீறல் போடும்.

கம்பிவேலி · 10.03.2025, காலை 10.45

மேலே பளபளப்பு ரெசின் ஊற்றப் போகிறார் என்றால் 220 வரை எதற்கு?

ரெசின்வாடை · 10.03.2025, காலை 11.30

தேவையில்ல. 120லயே நிறுத்தலாம், புது ரெசின் கீறல்குள்ள போய் மறைச்சிடும், பிடிப்பும் நல்லா இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. கனம்னா ஒரு லிட்டர். இவர் மேசை ஒன்றரை சதுர மீட்டர், ஓரத்துல வழியறதையும் சேர்த்து 2 லிட்டர் கலக்கணும். எண்ணெய் பூச்சுன்னா மட்டும் மரத்துக்கு 180 போதும், ரெசினுக்கு 320 வரைக்கும் போகணும்.

வைரம்பாய்ந்தது · 10.03.2025, மாலை 4.25

மேலே மட்டும் ரெசின் ஊற்றி அடியை வெறுமனே விட்டால் இத்தனை பாடும் வீண். அடிப்பக்கத்துக்கும் பூச்சு கொடுங்கள்.

கம்பிவேலி · 18.04.2025, காலை 9.30

இந்த இழையைப் படித்துவிட்டு இதே அளவில் இன்னொரு மேசை போடப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி: சித்திரை வெயிலில் 45 மி.மீ. ஒரே ஊற்றில் ஊற்றலாமா?

ரெசின்வாடை · 18.04.2025, காலை 10.10

1800×200×45ன்னா 16 லிட்டர், கிட்டத்தட்ட 18 கிலோ. பட்டறை 34, 35 டிகிரில இருக்கும்போது அவ்வளவு ரெசினும் ஒரே நேரத்துல சூடேறினா மஞ்சளாகும், சுருங்கும், மரத்தோரம் பிரியும், விரிசலும் விடும். டப்பால 50 மி.மீ. வரைக்கும்னு போட்டிருந்தா அது குளிர்ந்த அறைக்கான கணக்கு. 20, 25ஆ ரெண்டு தடவை ஊத்துங்க, விடியக்காலைல. முதல் அடுக்கு ஒட்டற பதத்துல இருக்கும்போதே ரெண்டாவது. இறுகிடுச்சுன்னா 80 தாள் போட்டுத் தேச்சுட்டுத்தான் ஊத்தணும்.

மரத்தைக் கிளாம்ப் போட்டு அமுக்கணும். மரம் ரெசின்ல மிதக்கும். மிதந்தா அடில ரெசின் போயிடும், மேல 3 மி.மீ. மரம் தூக்கிட்டு நிக்கும், அதை எல்லாம் ஸ்லெட்டுதான் சீவித் தள்ளணும். சமன் செய்யுற நேரத்தைக் குறைக்கணும்னா ஊத்தறதுக்கு முன்னாடியே ரெண்டு பலகையையும் தனித்தனியா ஸ்லெட்ல போட்டு மட்டம் செஞ்சுடுங்க.

இழைப்புளி_72 · 18.04.2025, பகல் 12.50

ஊத்தாமலே விரிசல் பலகையை மேசையாக்க முடியாதா?

வைரம்பாய்ந்தது · 18.04.2025, மாலை 6.15

முடியும் அண்ணே. பலகையின் இயற்கை விளிம்பை அப்படியே விட்டு மேசை செய்து பேர் வாங்கிய ஜார்ஜ் நகாஷிமா, விரிசலில் எதையும் ஊற்றவில்லை. குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் மரக்கட்டை பதித்து நிறுத்தினார். அமெரிக்காவில் பட்டறை வைப்பதற்கு முன், 1930களின் பிற்பகுதியில், அவர் புதுச்சேரியில்தான் இருந்தார்; அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடப் பணியில். அந்தக் கட்டை பதிக்கும் குழியையும் இப்போது ரவுட்டரில்தான் எடுக்கிறார்கள், மூலையை மட்டும் உளியால்.

இழைப்புளி_72 · 18.04.2025, மாலை 6.40

புதுச்சேரியா! அப்ப நம்ம ஆளுதான்.

மேசைக்காரன் · 11.11.2025, இரவு 9.05

மேசை தட்டையாகத்தான் இருந்தது. ஏசி அறையில் போட்டு ஏழு மாதம். இப்போது அகலவாக்கில் 1 மி.மீ. குழிவு, மேல்பக்கமாக. அடியிலும் பூச்சு உண்டு. திரும்ப ஸ்லெட்டா?

வைரம்பாய்ந்தது · 12.11.2025, காலை 7.45

வேண்டாம். முதலில் ஈரமானி வைத்து எண் சொல்லுங்கள். சென்னை மாதிரி ஊரில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் மரம் 13 சதவீதத்தில் நிற்கும். ஏசி அறையில் 50 சதவீதம் என்றால் 9. இந்த நான்கு புள்ளி இறங்கும்போது, ஒரு புள்ளிக்கு அகலத்தில் கால் சதவீதம் என்று வைத்தாலும் 325 மி.மீ. பலகை 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும். பூச்சு ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மேலே கனமான ரெசின் பூச்சும் அடியில் மெல்லிய எண்ணெயும் என்றால் இரண்டு முகமும் ஒரே வேகத்தில் உலராது. குழிவு எப்போதும் அதிகம் உலர்ந்த முகத்தில் வரும். மேல்பக்கம் குழிந்திருக்கிறது என்றால் ஏசி காற்று நேராக மேலே படுகிறதா, மேலே என்ன பூச்சு என்று பாருங்கள்.

இப்போது சீவினால் இன்றைக்கு நிற்கிற வளைவைத்தான் சீவுவீர்கள். அறை ஈரம் மாறினால் அது எதிர்ப்பக்கம் வளையும்.

மேசைக்காரன் · 12.11.2025, இரவு 8.30

மேலே எண்ணெய், அடியில் மீந்துபோன ரெசின். ஏசி நேர் மேலே. மேலே 9, அடியில் 11.

நூல்மட்டம் · 12.11.2025, இரவு 9.00

தலைகீழாகப் பூசியிருக்கிறீர்கள். அடி மூடி, மேலே திறந்து. ஏசியின் காற்றுத் தகட்டை வேறு பக்கம் திருப்புங்கள், அடியில் 11 இறங்கி மேலோடு சேரும் வரை விடுங்கள். பாதி வளைவு தானே போகும்.

மீதிக்கு அடியில் இரண்டு இரும்பு சி சேனல். பலகையின் குறுக்கே, ஒவ்வொரு முனையிலிருந்தும் 350 மி.மீ. உள்ளே. குழியை ரவுட்டரில் சேனலைவிட 3 மி.மீ. அகலமாகவும் 1 மி.மீ. ஆழமாகவும் எடுங்கள். மரத்தில் எம்8 இன்செர்ட் (போல்ட் ஏற மரத்துக்குள் பதிக்கும் உலோக இழைக்குழல்). சேனலில் துளை வட்டமாக இல்லாமல் குறுக்குவாக்கில் 14 மி.மீ. நீளத் துளையாக இருக்கட்டும், நடு போல்ட்டுக்கு மட்டும் வட்டத் துளை. இறுக்கிப் பிடித்து நேராக்கப் பார்க்காதீர்கள். மரம் அகலத்தில் நகரலாம், உயரத்தில் மட்டும் நகரக் கூடாது.

கம்பிவேலி · 13.11.2025, காலை 8.40

ரெசின் பகுதியிலும் இன்செர்ட் போடலாமா?

ரெசின்வாடை · 13.11.2025, காலை 9.05

போடலாம், ஆனா திருகி ஏத்துற மாதிரி இல்ல. வெடிச்சிடும். இன்செர்ட்டோட வெளி விட்டத்தைவிட அரை மி.மீ. பெரிசா துளை போட்டு ரெசினாலயே ஒட்டுங்க. இன்செர்ட்டோட திருகு இழைக்குள்ள ரெசின் போகாம இருக்க போல்ட்டுல மெழுகு தடவி மாட்டி வெச்சு, இறுகினப்புறம் கழட்டுங்க. துளைக்கு முன்னாடி டிரில் பிட்ல ஆழத்துக்கு டேப் சுத்திக்கோங்க, 43 மி.மீ. பலகைல மறுபக்கம் வந்தா அடைக்க வழியில்ல.